விரலில் மாட்டும் கருவி எதைப் பார்க்கிறது?

சில மாதங்களுக்கு முன் ஒரு காலை வேளையில், கிரானைட் மெருகேற்றும் பட்டறையில் பல ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரை அவருடைய மகன் எங்கள் பிரிவுக்கு அழைத்து வந்தார். இரண்டு நாட்களாகவே பெரியவருக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. முந்தைய இரவு படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தபடியே விடியும்வரை அமர்ந்திருக்கிறார். மகன் தொழிற்பேட்டையில் இரவுப் பணியில் இருந்தார். வீட்டிலிருந்தவர்கள் மணிக்கொரு முறை விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்து, 94, 95 என்று அவருக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எண் நன்றாக இருக்கிறது, விடிந்த பின் போகலாம் என்று எல்லோரும் முடிவு செய்தனர்.

மணிக்கட்டுத் தமனியிலிருந்து இரத்தம் எடுத்துச் சோதித்தபோது ஆக்சிஜன் செறிவு 87 மட்டுமே இருந்தது. உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்ததால் பெரியவர் தேறி வீடு திரும்பினார். ஆனால் மகன் என்னிடம் கேட்ட கேள்வி மனத்தைவிட்டு அகலவில்லை: “எண் நன்றாகத்தானே இருந்தது டாக்டர், பிறகு எப்படி?”

கொரோனா காலத்துக்குப் பின் நம் பகுதியில் பல வீடுகளில் இந்தக் கருவி இருக்கிறது. அது காட்டும் எண்ணை நம்பி மருத்துவமனைக்குப் புறப்படுகிறோம். அதையே நம்பிப் புறப்படாமலும் இருந்துவிடுகிறோம். எனவே அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதை நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் அறிந்திருப்பது நல்லது.

ஒளியால் அளக்கும் கருவி

இருட்டறையில் டார்ச் விளக்கை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தால் விரல்கள் சிவப்பாக ஒளிரும். சிறுவயதில் நாம் எல்லோரும் செய்து பார்த்த விளையாட்டுதான் அது. சிவப்பு ஒளி சதையையும் இரத்தத்தையும் ஓரளவு ஊடுருவி வெளியே வருகிறது. பல்ஸ் ஆக்சிமீட்டரின் அடிப்படையும் இதுவே.

கருவியின் ஒரு பக்கத்தில் இரண்டு சிறு விளக்குகள் உள்ளன. ஒன்று சிவப்பு ஒளியை உமிழ்கிறது. அதன் அலைநீளம் சுமார் 660 நானோமீட்டர். மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உமிழ்கிறது; அதன் அலைநீளம் சுமார் 940 நானோமீட்டர். இரண்டும் மிக விரைவாக மாறி மாறி எரிந்து அணைகின்றன. எதிர்ப்பக்கத்தில் சிலிக்கானால் ஆன ஓர் ஒளியுணரி இருக்கிறது. விரலைக் கடந்து வந்து விழும் ஒளியை அது மின்சாரமாக மாற்றுகிறது.

இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமந்திருக்கும்போது சிவப்பு ஒளியைக் குறைவாக உறிஞ்சும். ஆக்சிஜனை இழந்தபின் அதிகமாக உறிஞ்சும். அகச்சிவப்பில் இந்த நிலை தலைகீழாகும். இரண்டு ஒளிகளும் எந்த விகிதத்தில் வந்து சேர்கின்றன என்பதைக் கணக்கிட்டு, ஹீமோகுளோபினில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஆக்சிஜனைச் சுமக்கிறது என்று கருவி சொல்கிறது.

விரலில் இரத்தம் மட்டுமா இருக்கிறது? தோல், எலும்பு, நகம் யாவும் ஒளியை உறிஞ்சுகின்றன. அவற்றிலிருந்து தமனி இரத்தத்தை மட்டும் பிரித்தறிவது எப்படி? ஜப்பானின் நிகான் கோடன் நிறுவனப் பொறியாளர் தகுவோ அவோயாகி இதற்கு வழி கண்டு 1974ஆம் ஆண்டில் வெளியிட்டார். தோலும் எலும்பும் மாறாமல் இருக்கின்றன. தமனி இரத்தம் மட்டுமே நாடித்துடிப்புக்கு ஏற்ப ஏறி இறங்குகிறது. ஆகவே ஒளியில் துடிக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். இன்று உலகெங்கும் அறுவைச் சிகிச்சை அரங்குகளில் ஒலிக்கும் கருவிகள் யாவும் இந்தக் கருத்தின் வழியே வந்தவை. அவோயாகி 2020 ஏப்ரலில் காலமானார். பெருந்தொற்று உலகெங்கும் பரவத் தொடங்கியிருந்த நாட்கள் அவை.

எண் எப்போது தவறும்?

விரலைக் கடந்து வரும் ஒளி மிகக் குறைவு. அதிலும் நாடியோடு துடிக்கும் பகுதி நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். இத்தனை நுண்ணிய அசைவிலிருந்து எண் பிறப்பதால், சிறு இடையூறும் அதைப் பாதிக்கும்.

கை குளிர்ந்திருந்தால் விரலுக்கு இரத்த ஓட்டம் குறைந்து துடிப்பு மங்கிவிடும். மார்கழி, தை மாதக் காலைகளில் நம் பகுதியின் குளிரில் இது அடிக்கடி நேர்கிறது. கை நடுங்கினால் அந்த அசைவையும் கருவி நாடி என்று எண்ணிவிடும். அடர்ந்த நகப்பூச்சும் மருதாணியும் ஒளியை வழியிலேயே மறிக்கும். நேர் வெயிலோ பிரகாசமான விளக்கோ ஒளியுணரியின் மீது விழுந்தாலும் கணக்கு குழம்பும்.

தோலின் நிறமும் ஒரு காரணம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கருவி 92 முதல் 96 வரை காட்டிய அளவீடுகளைத் தமனி இரத்தச் சோதனையோடு அவர்கள் ஒப்பிட்டார்கள். உண்மையான செறிவு 88க்கும் கீழே இருந்தது வெள்ளையின நோயாளிகளின் அளவீடுகளில் நூற்றுக்கு 3.6, கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் நூற்றுக்கு 11.7. கருமையான தோலில் கருவி சற்றே கூடுதலாகக் காட்டும் போக்கு உண்டு என்பதை இது உணர்த்தியது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021இல் இதுபற்றி எச்சரித்தது. பல்வேறு தோல் நிறம் கொண்டவர்களிடம் கருவிகளைச் சோதிக்க வேண்டும் என்ற வரைவு நெறிமுறையை 2025 ஜனவரியில் வெளியிட்டது.

நம்மில் பலர் மாநிறமும் கருமையும் கொண்டவர்கள், வெயிலில் உழைப்பவர்கள். இந்தச் செய்தி நமக்கும் உரியது. கருவி 95 காட்டினால் உண்மை அளவு இரண்டு மூன்று எண்கள் மேலோ கீழோ இருக்கலாம் என்பதை எப்போதும் நினைவில் வையுங்கள். சிலரிடம் வேறுபாடு அதைவிடவும் கூடலாம். பெரியவரின் கைகள் அன்றிரவு குளிர்ந்திருந்தன; அவர் நல்ல கருமை நிறத்தவர். எது எவ்வளவு பங்கு வகித்தது என்று பிரித்துச் சொல்ல இயலாது.

வேறு இரண்டு சூழல்களில் கருவி தன்னளவில் சரியாக வேலை செய்தும் நம்மைத் திசைதிருப்பும். முதலாவது, இரத்தசோகை. நமது தொழிற்பேட்டைக்குத் தொழிலாளர்களை ஏற்றிவரும் பேருந்துகளை நினைத்துக்கொள்ளுங்கள். வந்த பேருந்துகளில் இருக்கைகள் எவ்வளவு நிரம்பியுள்ளன என்று மட்டுமே இந்தக் கருவி சொல்லும். எத்தனை பேருந்துகள் வந்தன என்று சொல்லாது. ஹீமோகுளோபின் பாதியாகக் குறைந்தவருக்கும் 99 காட்டக்கூடும். இரண்டாவது, கரிப்புகை நச்சு. குளிருக்காக மூடிய அறையில் அடுப்புக்கரியை மூட்டிவைத்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகி, ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கருவிக்கு அந்த வேறுபாடு தெரியாது. மயங்கிக் கிடப்பவருக்கும் அது நல்ல எண்ணையே காட்டும்.

புதிய ஒளியுணரிகள்

இந்தக் குறைகளைக் களைய ஒளியுணரியையே மாற்றி அமைக்க முடியுமா என்று இயற்பியலாளர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். அந்த ஆராய்ச்சியில் கிராபீன், குவாண்டம் புள்ளிகள் என்ற இரு பொருள்கள் அடிக்கடி பேசப்படுகின்றன. செய்திகளில் இப்பெயர்களைப் படித்துவிட்டு நோயாளிகளின் உறவினர்கள் என்னிடம் விளக்கம் கேட்பதுண்டு.

பென்சில் முனையில் உள்ள கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. அவற்றில் ஒரே ஓர் அடுக்கை மட்டும் பிரித்தெடுத்தால் அது கிராபீன். அதன் தடிமன் ஓர் அணு மட்டுமே. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டான்டின் நோவோசெலோவ் ஆகியோர் ஒட்டும் நாடாவைக் கொண்டு கிராஃபைட்டை உரித்து உரித்து இதைப் பெற்று, 2004இல் அறிவித்தனர். 2010ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. கிராபீனில் மின்னூட்டங்கள் மிக வேகமாக ஓடுகின்றன. ஆனால் அது அத்தனை மெல்லியது என்பதால் தன்மீது விழும் ஒளியில் நூற்றுக்கு 2.3 பங்கைத்தான் உறிஞ்சுகிறது. மின்சாரத்துக்கு நல்ல சாலை. ஒளியைப் பிடிக்கத் திறன் போதாது.

குவாண்டம் புள்ளிகள் என்பவை சில நானோமீட்டர் அளவேயுள்ள குறைக்கடத்திப் படிகங்கள். ஒரே பொருளால் ஆனவை என்றாலும், அளவு சிறிதானால் ஒரு நிறத்துக்கும் பெரிதானால் வேறொரு நிறத்துக்கும் அவை இசைவு காட்டும். எந்த நிற ஒளியைப் பிடிக்க வேண்டுமோ அதற்கேற்ப அளவை அமைத்துக்கொள்ளலாம். இவற்றைக் கண்டறிந்து உருவாக்கியதற்காக மௌங்கி பவெண்டி, லூயி புரூஸ், அலெக்சி எகிமோவ் ஆகிய மூவருக்கும் 2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. சில தொலைக்காட்சித் திரைகளில் இவை ஏற்கெனவே பயன்படுகின்றன. இவை ஒளியை நன்றாகப் பிடிக்கும். ஆனால் மின்னூட்டம் ஒரு புள்ளியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்வது கடினம்.

ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்வதால், கிராபீன் தாளின் மேல் குவாண்டம் புள்ளிகளைப் படலமாகப் பூசினார்கள். ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா அருகேயுள்ள ஒளியியல் ஆராய்ச்சி நிறுவனமான இக்ஃபோவில், கெராசிமோஸ் கான்ஸ்டான்டாடோஸ், ஃபிராங்க் கோப்பென்ஸ் ஆகியோரின் குழுக்கள் 2012இல் இத்தகைய ஒளியுணரியை வெளியிட்டன.

அது வேலை செய்யும் முறையை நம் நெடுஞ்சாலையைக் கொண்டு விளக்கலாம். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் ஒரு தடுப்புக் கம்பியை ஒருவர் தூக்கிப் பிடித்திருக்கிறார் என்று கொள்வோம். அவர் பிடித்திருக்கும்வரை வாகனங்கள் வரிசையாகக் கடந்துகொண்டே இருக்கும். குவாண்டம் புள்ளியில் ஓர் ஒளித்துகள் விழும்போது நேர், எதிர் என இரு மின்னூட்டங்கள் பிரிகின்றன. ஒன்று கிராபீன் சாலையில் இறங்கி ஓடுகிறது; மற்றொன்று புள்ளியிலேயே சிக்கிக்கொள்கிறது. அது சிக்கியிருக்கும்வரை தடுப்பு திறந்தே இருக்கிறது; சாலையில் ஓட்டம் தொடர்கிறது. சாதாரண சிலிக்கான் ஒளியுணரியில் ஓர் ஒளித்துகளுக்கு அதிகபட்சம் ஓர் எலக்ட்ரான் என்ற கணக்கு. பார்சிலோனாக் கருவியில் ஓர் ஒளித்துகளுக்குச் சுமார் 10 கோடி எலக்ட்ரான்கள் என்று அளந்தார்கள்.

நமக்கு அருகிலும் இத்துறையில் பணி நடந்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அரிந்தம் கோஷ் தலைமையிலான குழு, குவாண்டம் புள்ளிகளுக்குப் பதிலாக மாலிப்டினம் டைசல்பைடு என்ற மெல்லிய குறைக்கடத்தித் தாளைக் கிராபீனோடு சேர்த்து, மிகுந்த கூருணர்வு கொண்ட ஒளியுணரியை 2013இல் வெளியிட்டது.

இது நோயாளிக்கு எப்படிப் பயன்படும்? 2019இல் இக்ஃபோ ஆய்வாளர்கள் வளையக்கூடிய, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் கிராபீன், குவாண்டம் புள்ளி ஒளியுணரிகளை அமைத்து, கையில் அணியும் பட்டையாகவும் ஒட்டும் வில்லையாகவும் செய்து காட்டினார்கள். அவற்றால் நாடித்துடிப்பையும் மூச்சு எண்ணிக்கையையும் இரத்த ஆக்சிஜனையும் அளந்தார்கள். சில வடிவங்களில் தனி விளக்கே தேவைப்படவில்லை. அறையில் இருக்கும் வெளிச்சம் உடலுக்குள் புகுந்து வெளிவரும் சிறு பகுதியே அளவிடப் போதுமானதாக இருந்தது. விளக்கு வேண்டாம் என்றால் மின்கலத்தின் செலவும் குறையும். இரவு முழுவதும் விரலை இறுக்காமல், தூங்கும் நோயாளியைத் தொடர்ந்து கண்காணிக்க இது வழிவகுக்கலாம்.

எதிர்பார்ப்பும் எச்சரிக்கையும்

இவை இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளன. நீங்கள் மருந்துக்கடையில் வாங்கும் விரல் கருவியில் இருப்பது சிலிக்கான் ஒளியுணரியே. பார்சிலோனாக் குழுவினர் பயன்படுத்திய புள்ளிகள் ஈய சல்பைடால் ஆனவை. ஈயம் நஞ்சு என்பதால் அது தோலில் படாதவாறு முழுமையாக மூடி அடைக்க வேண்டும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். ஒளியுணரி எவ்வளவு கூர்மையானாலும் தோல் நிறத்தால் வரும் பிழை அதனால் மட்டும் நீங்கிவிடாது. வந்து சேர்ந்த ஒளியை எண்ணாக மாற்றும் அட்டவணை, தன்னார்வலர்களின் இரத்தத்தோடு ஒப்பிட்டுத் தயாரிக்கப்படுகிறது. அந்தத் தன்னார்வலர்களில் நம்மைப் போன்றவர்களும் போதிய எண்ணிக்கையில் இருந்தால்தான் எண் நமக்குப் பொருந்தும். புதிய பொருளும் வேண்டும். நேர்மையான சோதனையும் வேண்டும்.

இதற்கிடையில், குவாண்டம், கிராபீன் என்ற பெயர்களைச் சொல்லி நோய் தீர்க்கும் வளையல், பதக்கம், தகடு என்று விற்பவர்களை நம்பாதீர்கள். குவாண்டம் புள்ளி என்பது அளவிட்டு நிரூபிக்கப்பட்ட அறிவியல். அந்தப் பதக்கங்களுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அமைப்பு, ‘குவாண்டம் பதக்கம்’ உள்ளிட்ட பத்துப் பொருள்கள் கதிரியக்கம் கொண்டவை என்று கண்டறிந்து, அவற்றை அணிய வேண்டாம் என எச்சரித்தது. நலம் நாடி வாங்கிய பொருளே தீங்கு செய்த கதை இது.

வீட்டில் அளக்கும்போது

• ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு அளக்கவும். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளவும்.
• நகப்பூச்சை அகற்றவும். மருதாணி இட்ட விரலைத் தவிர்த்து வேறு விரலில் மாட்டவும்.
• கையை நெஞ்சளவு உயரத்தில் அசைக்காமல் வைக்கவும். நேர் வெளிச்சம் படாமல் துணியால் மூடலாம்.
• உடனே தோன்றும் எண்ணை எடுத்துக்கொள்ளாமல், ஒரு நிமிடம்வரை பொறுத்து நிலையான எண்ணைக் குறிக்கவும்.
• மணிக்கட்டில் நாடியை எண்ணிப் பாருங்கள். கருவி காட்டும் நாடித்துடிப்பு அதனோடு ஒத்துவராவிட்டால் ஆக்சிஜன் எண்ணையும் நம்ப வேண்டாம்.
• உடல் நன்றாக இருக்கும் நாட்களிலும் அளந்து எழுதிவையுங்கள். வழக்கமான அளவிலிருந்து மூன்று, நான்கு எண்கள் குறைந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.
• ஓய்விலிருக்கும்போது 92 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். 90க்குக் கீழே போனால் அவசர நிலை, 108ஐ அழையுங்கள்.
• நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களில் பலருக்கு 88 முதல் 92 வரை என்பதே இலக்காக இருக்கும். உங்களுக்கான இலக்கை மருத்துவரிடம் கேட்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணைக் கூட்டுவதற்காக ஆக்சிஜன் அளவை நீங்களாக உயர்த்த வேண்டாம். இரத்தத்தில் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரக்கூடும்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும், கருவி எந்த எண்ணைக் காட்டினாலும், காத்திராமல் வாருங்கள்: ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேச முடியாமை; படுக்க முடியாத அளவு மூச்சுத்திணறல்; ஓய்விலேயே நிமிடத்துக்கு 24க்கு மேல் மூச்சு; நெஞ்சில் வலி அல்லது இறுக்கம்; குழப்பமான பேச்சு, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம்; நாக்கிலோ உதட்டின் உட்புறத்திலோ நீலம் பாரித்தல். கருமை நிறம் உடையவர்களுக்கு விரல் நகத்தைவிட நாக்கைப் பார்ப்பதே நம்பகமானது.

பெரியவர் கடந்த மாதம் மறுபரிசோதனைக்கு வந்தார். மகன் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். தேதிவாரியாக இரண்டு பத்திகள் கோடிட்டிருந்தார். முதல் பத்தியில் கருவி காட்டிய எண். இரண்டாவது பத்தியில், அப்பா மூச்சு வாங்காமல் எத்தனை எண்ணினார் என்ற கணக்கு. காலையில் ஒரு முறை, இரவுப் பணிக்குக் கிளம்புமுன் ஒரு முறை. “எண் சரியாக இருந்தாலும் இரண்டாவது பத்தி குறைந்தால் அழைத்து வந்துவிடுகிறேன் டாக்டர்” என்றார். அந்த நோட்டைப் பார்த்துத்தான் அன்றைய மருந்தை முடிவு செய்தேன்.